ஏழை மண்ணின் புதர்வெளி: ஹீத் நிலத்தைப் பார்க்கத் தொடங்குவது எப்படி

தேங்காய் துருவி முடித்த கையில் ஒரு மணம் ஒட்டியிருக்கும் அல்லவா, அந்த மணம்தான். இங்கிலாந்தின் தென்கரையில் டார்செட் மாவட்டத்து ஹீத் நிலம் ஒன்றில் மே மாதக் கடைசியில் முதன்முறையாக நடந்தபோது அது என்னைத் தடுத்து நிறுத்தியது. தென்னை வளராத ஊர் அது. மணம் வந்ததோ முள் அடர்ந்த ஒரு புதரின் மஞ்சள் பூக்களிலிருந்து. கோர்ஸ் என்பது அதன் பெயர். ஊட்டிக்குப் போனவர்களில் சிலர் பெயர் தெரியாமலே இதைப் பார்த்திருப்பார்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்த இந்தச் செடி நீலகிரியின் புல்வெளிகளில் பரவி அங்கே தொல்லை தரும் களையாகிவிட்டது. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் அதே கதைதான். ஆனால் டார்செட்டின் மணல்மேடு அதன் சொந்த ஊர். அங்கே அது பறவைகள் கூடு கட்டும் வீடு.

ஹீத் என்பது மரம் அடர்ந்த காடு அல்ல, வெறும் புல்வெளியும் அல்ல. முழங்கால் உயரமும் மிஞ்சினால் இடுப்பு உயரமும் வளரும் குறும்புதர்கள் பரந்து கிடக்கும் திறந்த வெளி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டருக்குள், மணலும் சரளையும் கலந்த, அமிலத்தன்மை கொண்ட மண்ணில் அமைவது. அதைவிட உயரமான குன்றுகளில், கறுத்த ஈர மட்கின் மேல் இதே போன்ற புதர்கள் வளர்ந்தால் அதை மூர் என்பார்கள். தொடங்குபவருக்கு இந்த வேறுபாடு போதும்.

இந்த நிலத்தைப் புரிந்துகொள்ள ஒரு சாவி உண்டு. மண்ணின் ஏழ்மைதான் அது. மணல் வழியே மழைநீர் இறங்கும்போது சத்துகளையும் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடுகிறது. ஹீத் மண்ணை வெட்டிப் பார்த்தால் மேலே கறுத்த மெல்லிய படலம், அதற்குக் கீழே சத்தெல்லாம் கழுவப்பட்டுச் சாம்பல் பூத்த மணல், அதற்கும் கீழே இரும்பு படிந்து இறுகிய செம்பழுப்பு அடுக்கு என்று தெளிவாகத் தெரியும். நெல்லோ கோதுமையோ விதைத்தால் பிழைக்காத மண்.

இந்த ஏழ்மையில் பாதி மனிதர் கை வேலை. ஹீத் கன்னி நிலம் அல்ல. வெண்கலக் காலத்து மக்களும் அவர்களுக்கு முந்தியவர்களும் மரங்களை வெட்டிக் கால்நடைகளை மேய விட்டதால்தான் இந்த வெளி திறந்தது. அதன் பிறகு வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைத் திறந்தபடியே வைத்திருந்தார்கள். அடுப்புக்குக் கோர்ஸ், கூரைக்கு ஹெதர் என்ற குறும்புதர், மாட்டுக்குப் படுக்கையாக உலர்ந்த பெரணி, எரிபொருளுக்கு மண்ணோடு சேர்த்து வெட்டிய புல்தரை என்று எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். எருவாக எதையும் திருப்பிப் போடவில்லை. ஒவ்வொரு சுமையோடும் கொஞ்சம் சத்து வெளியேறியது. அந்தப் பிழைப்பு முறை நின்றுபோன இடங்களில் இருபது முப்பது ஆண்டுகளுக்குள் பிர்ச் மரமும் பைனும் நுழைந்து புதர்வெளியை மூடிவிடுகின்றன.

நான் மனம் வருந்துவது இந்த இடத்தில்தான். 1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இருந்த தாழ்நில ஹீத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இன்று இல்லை. உழவுக்கும் வீட்டுமனைக்கும் போனது ஒரு பகுதி. 1919இல் அரசின் வனத்துறை ஆணையம் தொடங்கப்பட்ட பிறகு பைன் தோட்டங்களாக மாறியது இன்னொரு பகுதி. சோலைகளுக்கு நடுவே இருந்த நீலகிரிப் புல்வெளிகளைத் தரிசு என்று எழுதிவைத்து, சீகை மரமும் யூகலிப்டஸும் நட்டார்களே, அதே பார்வை. மரம் இல்லாத நிலத்தில் எதுவுமே இல்லை என்று தீர்மானிக்கும் பார்வை. இப்போது வண்டிப் புகையிலும் பண்ணைகளிலும் இருந்து வரும் நைட்ரஜன் காற்று வழியாக இறங்கி மண்ணை மெல்ல மெல்லச் செழிப்பாக்குகிறது. கேட்பதற்கு நல்ல செய்தி போல இருக்கும். ஆனால் சத்து கூடினால் புல் ஓங்குகிறது, ஹெதர் ஒடுங்குகிறது.

சரி, நடக்கத் தொடங்குவோம். மே கடைசி வாரத்திலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை நல்ல காலம். டார்செட்டில் பூல் துறைமுகத்தை ஒட்டிய ஆர்ன், ஸ்டட்லேண்ட், ஹார்ட்லேண்ட் ஆகியவை எளிதில் போகக்கூடிய இடங்கள். இவற்றில் பலவற்றை இணைத்து 2020இல் பர்பெக் ஹீத்ஸ் என்ற பெரிய தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். லண்டனிலிருந்து போகிறவர்களுக்கு சர்ரே மாவட்டத்தின் தர்ஸ்லி பொதுநிலம் பக்கம். நீளக் கால்சட்டையும் காலுறையும் அவசியம், ஏனென்றால் உண்ணிகள் உண்டு, அவற்றில் சில லைம் நோயைப் பரப்பும். வெயில் காயும் விரியன் பாம்பைக் காலை நேரத்தில் பார்க்கலாம், விலகி நின்றால் அது தானே போய்விடும். தரையில் கூடு கட்டும் பறவைகள் இருப்பதால் பாதையை விட்டு இறங்கக் கூடாது. இது போன்ற பொது அணுகல் நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். தீ மூட்டவே கூடாது. 2020 மே மாதத்தில் டார்செட்டிலேயே உள்ள வேர்ஹம் காட்டில் ஏறத்தாழ 200 ஹெக்டேர் எரிந்தது. அந்த இடத்தில், ஒருமுறை சமைத்துவிட்டு எறியும் கரி அடுப்புகள் கிடந்தன.

முதலில் குனிந்து செடியைப் பாருங்கள். எல்லாம் ஒரே ஹெதர் போலத் தோன்றும். ஆனால் மூன்று வகைகள் முக்கியம், அவற்றைப் பிரித்தறிய இலைகளை எண்ணினால் போதும். கணுவுக்கு மூன்று இலை, மணி போன்ற அடர்ந்த ஊதாச் சிவப்புப் பூ என்றால் பெல் ஹெதர். கணுவுக்கு நான்கு இலை சிலுவை போல விரிந்திருந்து, தண்டின் உச்சியில் இளஞ்சிவப்புப் பூக்கள் கொத்தாகத் தொங்கினால் கிராஸ்லீவ்டு ஹீத். செதில் போன்ற மிகச் சிறிய இலைகள் தண்டோடு ஒட்டி நான்கு வரிசையாக அடுக்கப்பட்டிருந்தால் லிங். முதல் இரண்டும் ஜூனில் பூக்கத் தொடங்கும். லிங் ஆகஸ்டில்தான் மலைச்சரிவையே ஊதாவாக்கும். இந்த எண்ணிக்கை விளையாட்டுக்கு ஒரு பயன் உண்டு. பெல் ஹெதர் வறண்ட மேட்டைக் காட்டுகிறது, கிராஸ்லீவ்டு ஹீத் ஈரமான பள்ளத்தைக் காட்டுகிறது. பத்தடி தூரத்துக்குள் மூன்று இலை நான்கானால், உங்கள் காலுக்கடியில் நீர் மேலே வந்திருக்கிறது என்று பொருள்.

இந்தச் செடிகள் ஒவ்வொன்றும் ஏழை மண்ணுக்குத் தன் வழியில் ஈடு கொடுக்கின்றன. ஹெதரின் வேருக்குள் பூஞ்சை குடியிருந்து, மட்கில் பூட்டிக்கிடக்கும் சத்தைப் பிரித்துத் தருகிறது. கோர்ஸ் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கின்றன. கோர்ஸின் மேல் சிவப்பு நூல் பந்து பிரிந்து விழுந்தது போல ஒரு கொடி படர்ந்திருந்தால், நம் ஊர் அம்மையார் கூந்தலின் நெருங்கிய உறவைப் பார்க்கிறீர்கள். உழைக்கும் வேரும் இல்லை, சமைக்கும் இலையும் இல்லை. பக்கத்துச் செடியை உறிஞ்சியே வாழ்கிறது.

ஈரப் பள்ளத்தில் இன்னும் துணிச்சலான வழி ஒன்று உண்டு. பாசி மெத்தையின் மேல் சட்டைப் பொத்தான் அளவே உள்ள சிவப்பு இலைகள், ஒவ்வொன்றிலும் நுனியில் பசைத்துளி தாங்கிய மயிர்கள். சன்டியூ என்ற ஊனுண்ணிச் செடி இது. வெயிலேறியும் காயாத பனித்துளி என்று நம்பி வரும் கொசு ஒட்டிக்கொள்கிறது, மயிர்கள் மெல்ல வளைந்து அதைச் சூழ்கின்றன, செடி அதன் உடலிலிருந்து நைட்ரஜனை எடுத்துக்கொள்கிறது. 1860 கோடையில் சார்லஸ் டார்வின் சசெக்ஸ் மாவட்டத்தின் ஒரு ஹீத் நிலத்தில் இந்த இலைகளில் எத்தனை பூச்சிகள் சிக்கியிருக்கின்றன என்று கண்டு வியந்தார். அந்த வியப்பு பதினைந்து ஆண்டுச் சோதனைகளாக வளர்ந்து, 1875இல் ஊனுண்ணிச் செடிகளைப் பற்றிய முழு நூலாக வெளிவந்தது. அவர் தொடங்கியதும் இப்படிக் குனிந்து பார்த்துத்தான். கைப்பூதக் கண்ணாடி இருந்தால் ஒரே ஒரு இலையின் முன் பத்து நிமிடம் செலவிடுங்கள்.

அதே பள்ளத்தில் ஜூன் முடிவில் மஞ்சள் நட்சத்திரக் கதிர்களாகப் பூக்கும் செடிக்கு போக் ஆஸ்பொடெல் என்று பெயர். அதன் அறிவியல் பெயரில் எலும்பை முறிப்பது என்ற பொருள் வருகிறது. இதைத் தின்ற ஆடுகளின் எலும்பு நொறுங்கும் என்று மேய்ப்பர்கள் நம்பினார்கள். உண்மையில் குற்றம் செடியுடையது அல்ல. அது வளரும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இல்லை, அதனால் அந்த மேய்ச்சலை நம்பிய ஆட்டின் எலும்பிலும் இல்லை.

இனி அந்துப்பூச்சிகள். இவை இரவில் மட்டுமே பறப்பவை என்ற எண்ணத்தை ஹீத் முதல் மணி நேரத்திலேயே மாற்றிவிடும். வெயில் ஏறியதும் பாதையோரத்தில் பழுப்புக் கோடுகள் போட்ட சிறிய பூச்சி ஒன்று காலடியிலிருந்து எழும்பி, நான்கடி தள்ளி மீண்டும் ஹெதருக்குள் விழும். காமன் ஹீத் அது. வண்ணத்துப்பூச்சியா அந்துப்பூச்சியா என்ற ஐயம் வந்தால் உணர்கொம்பைப் பாருங்கள். பிரிட்டனில் வண்ணத்துப்பூச்சிக்கு நுனி தடித்துத் தீக்குச்சி போலிருக்கும், பெரும்பாலான அந்துப்பூச்சிகளுக்கு இழை போலவோ இறகு போலவோ இருக்கும். ஆண் காமன் ஹீத்தின் கொம்பு அழகான இறகு. அதைவிடச் சிறியதாக, குண்டு போல நேர்கோட்டில் பாய்ந்து போகும் பூச்சியில் மஞ்சள் மின்னினால் அது பியூட்டிஃபுல் யெல்லோ அண்டர்விங். அதன் புழுவின் பச்சையும் வெள்ளைப் புள்ளிகளும் ஹெதர்த் தளிரின் அச்சு. கண்ணெதிரே இருந்தாலும் அது அசையும்வரை தெரியாது.

எம்பரர் என்ற பெரிய அந்துப்பூச்சியின் காலம் ஏப்ரலிலும் மே மாதத்திலும் முடிந்துவிடும். பெண் ஹெதரில் அமைதியாக உட்கார்ந்து மணம் பரப்ப, ஆண் வெகு தொலைவிலிருந்து அந்த மணத்தைத் தன் இறகுக் கொம்புகளால் பற்றி வந்து சேர்கிறது. நான்கு சிறகிலும் கண் வரைந்த இந்தப் பூச்சி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அட்லஸ் பூச்சிக்கும், டசர் பட்டுத் தரும் பூச்சிக்கும் ஒரே குடும்பம். பறக்கும் பருவத்தில் அது எதையும் உண்பதில்லை. புழுவாக இருந்தபோது தின்ற ஹெதர்தான் அதன் வாழ்நாள் கட்டுச்சோறு. ஜூனில் அந்தப் புழுக்களைத் தேடலாம். இளமையில் கறுப்பாக இருந்து, வளர்ந்ததும் பச்சை உடலில் கறுப்பு வளையங்களும் மஞ்சள் புள்ளிகளும் பெறும்.

பறவைகளில் முதலில் கண்ணில் படுவது ஸ்டோன்சாட். கோர்ஸின் உச்சியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவது போல ஒலி எழுப்பும். நீலகிரியில் வேலிக் கம்பிகளில் அமரும் கறுப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு இதே பேரினம், அமரும் தோரணையும் அதேதான். ஸ்டோன்சாட்டைக் கண்டால் உடனே நகர்ந்துவிட வேண்டாம். அதன் பின்னாலேயே டார்ட்ஃபோர்டு வார்ப்ளர் அலைவதுண்டு. நீண்ட வால், திராட்சைச் சிவப்பு மார்பு, சிவந்த கண் வளையம், கரகரத்த குரல். பூச்சியும் சிலந்தியும் தின்னும் இந்தச் சிறு குருவி பனிக்காலத்திலும் தெற்கே போவதில்லை. அதற்கான விலையை 1962-63 கடுங்குளிரில் கொடுத்தது. அந்தப் பனி உருகியபோது பிரிட்டன் முழுவதிலும் பத்துப் பதினோரு சோடிகளே எஞ்சியிருந்தன. அடர்ந்த கோர்ஸ் புதர் பனியைத் தன் மேல் தாங்கி உள்ளே உலர்ந்த இடம் வைத்திருந்ததால்தான் அவையும் பிழைத்தன. இன்று அவை மீண்டும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

மாலையில் கிளம்பிப் போய்விடாதீர்கள். என்னைக் கேட்டால், பகலில் வராவிட்டாலும் பரவாயில்லை, மாலையைத் தவறவிடக் கூடாது. ஜூன் நடுவில் டார்செட்டில் சூரியன் மறைய இரவு 9.20 ஆகிவிடும். காற்றில்லாத, வெதுவெதுப்பான நாளாகத் தேர்ந்தெடுத்து, தனி பைன் மரங்கள் நிற்கும் வெளியில் பாதையோரமாக உட்காருங்கள். சூரியன் மறைந்து இருபது நிமிடமோ அரை மணியோ கழிந்ததும், பக்கத்துத் தெருவில் யாரோ தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருப்பது போல ஓர் ஒலி தொடங்கும். பூச்சியின் ஒலி என்றே முதலில் நினைப்போம். நிமிடக்கணக்கில் நிற்காது. தலையைத் திருப்பும்போது ஒலி ஏறி இறங்கும். அது ஆண் நைட்ஜார், நம் ஊர்க் காடுகளில் பக்கி என்று அழைக்கப்படும் பறவையின் ஐரோப்பிய இனம். குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் இங்கே வந்து சேர்கிறது.

ஒலி சட்டென நின்றால் வானத்தைப் பாருங்கள். நீண்ட சிறகும் நீண்ட வாலுமாக, கனமே இல்லாதது போல ஒரு நிழல் மிதந்து வரும். ஆணின் சிறகு நுனியிலும் வால் ஓரத்திலும் வெள்ளைத் திட்டுகள் தெரியும். சிறகுகளைப் பட்டென்று அடித்து ஓசை எழுப்பும். பகல் முழுவதும் இது தரையில் சருகோடு சருகாகக் கிடந்தது. பெண் கூடு கட்டுவதில்லை, வெறுந்தரையில் இரண்டு முட்டைகளை இடுகிறது. பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். அதன் அறிவியல் பெயருக்கு ஆட்டுப்பால் கறப்பது என்று பொருள். இரவில் பட்டிக்கு வந்து ஆட்டு மடியில் வாய் வைக்கும் என்ற பழங்கதை அரிஸ்டாட்டில் காலத்திலேயே இருந்தது. பறவை வந்தது பாலுக்கு அல்ல, ஆடுகளைச் சுற்றிப் பறந்த பூச்சிகளுக்கு. சிறிய அலகுக்குப் பின்னால் தவளை போலப் பிளக்கும் அகன்ற வாய் உண்டு, பறந்தபடியே அந்துப்பூச்சிகளை அதனுள் அள்ளிக்கொள்ளும். பகலில் நீங்கள் பார்த்த ஹெதர்ப் புழுக்களுக்கும் இந்த ஒலிக்கும் உள்ள தொடர்பு இதுதான். பிரிட்டனில் 1981 கணக்கெடுப்பில் சுமார் 2,100 ஆண் பறவைகள் ஒலித்தன, 2004இல் சுமார் 4,600. பைன் தோட்டங்களை வெட்டி ஹீத்தை மீட்டதற்கு இதில் பெரிய பங்கு உண்டு.

முழு இருட்டில் அந்துப்பூச்சிகளை நாமும் அழைக்கலாம். நில உரிமையாளரின் அனுமதி வாங்கிக்கொண்டு, வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டி அதன் முன் விளக்கு வைத்தால் போதும். நான் எட்டு முழ வேட்டியைத்தான் கட்டுகிறேன். புற ஊதா கலந்த ஒளியே அவற்றை நன்றாக இழுக்கும். நிலவில்லாத, மேகம் மூடிய, புழுக்கமான இரவு சிறந்தது. விளக்கில் விழும் விட்டிலை ஆசையின் உருவமாகவே நம் கவிஞர்கள் பாடிவந்திருக்கிறார்கள். 2024இல் வெளியான ஓர் ஆய்வு அதிவேகக் கேமராவால் படம் பிடித்து வேறு விடை சொன்னது. பூச்சிக்கு ஒளி இருக்கும் பக்கமே வானம். கோடிக்கணக்கான ஆண்டுகளாக இரவிலும் வானம்தானே தரையைவிட வெளிச்சமாக இருந்தது? ஆகவே அது எப்போதும் முதுகை ஒளிக்குக் காட்டியபடி பறக்கிறது. விளக்கின் பக்கத்தில் அந்தப் பழக்கமே அதைச் சாய்த்து, சுற்றிச் சுற்றி வர வைத்துவிடுகிறது. விட்டிலிடம் ஆசை இல்லை. மேல் எது கீழ் எது என்று அதற்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இதனால்தான் விளக்கை விடியும்வரை எரிய விடுவதானால் கூடு வைத்த பொறி தேவை. விளக்குக்குக் கீழே புனல், அதற்கும் கீழே முட்டை அட்டைகள் அடுக்கிய பெட்டி. பூச்சிகள் புனல் வழியே விழுந்து அட்டைக் குழிகளில் ஒண்டிக்கொள்ளும். பெட்டிக்குள் ஜூன் இரவில் யானையின் பெயர் கொண்டும் இளஞ்சிவப்பும் ஆலிவ் பச்சையுமாக இருக்கும் எலிஃபண்ட் ஹாக் இருக்கலாம். ஹெதரையே நம்பி வாழும் ட்ரூ லவர்ஸ் நாட் நிச்சயம் எதிர்பார்க்கலாம். உண்மைக் காதலரின் முடிச்சு என்று பொருள் தரும் இந்தப் பெயர், சிவப்பும் வெள்ளையும் பின்னிய அதன் சிறகுக் கோலத்துக்காகப் பழைய சேகரிப்பாளர்கள் வைத்தது.

பார்த்ததைக் குறித்துவைக்கும்போது நான்கு விவரங்கள் வேண்டும்: என்ன, எங்கே, எப்போது, யார் பார்த்தது. படம் எடுத்து, அந்த மாவட்டத்தின் அந்துப்பூச்சிக் குறிப்புகளைச் சேகரிக்கும் நிபுணருக்கு அனுப்பினால் சரிபார்த்துத் தருவார். பெயர் தெரியாத பூச்சிக்கு ஊகப் பெயர் எழுதாமல் விட்டுவிடுவது நல்லது. இத்தகைய குறிப்புகள் வீண்போவதில்லை. 1968இலிருந்து இரவுதோறும் எண்ணிச் சேர்த்த கணக்குகளால்தான், பிரிட்டனின் பெரிய அந்துப்பூச்சிகளின் மொத்த எண்ணிக்கை 2017க்குள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று தெரியவந்தது. தென்பகுதியில் இழப்பு இன்னும் அதிகம், 39 சதவீதம்.

விடிந்ததும் பெட்டியைத் திறக்கத் தாமதிக்க வேண்டாம், வெயில் ஏறினால் உள்ளே சூடு தாங்காது. எண்ணி முடித்த பூச்சிகளைத் திறந்த வெளியில் உதறாதீர்கள். ராபின் பறவைகள் இரண்டாம் நாளே பொறி வைக்கும் இடத்தைக் கற்றுக்கொண்டு காத்திருக்கும். அட்டையோடு எடுத்துப் போய், பழைய லிங் புதரின் அடியில், நிழல் உள்ள பக்கமாக மெல்லத் தட்டுங்கள். ட்ரூ லவர்ஸ் நாட் இரண்டடி நடந்து ஒரு தண்டைப் பற்றிக்கொண்டு சிறகை மூடும். மூடியதும் அதன் கோலமும் தண்டின் செதில் இலைகளும் ஒன்றாகிவிடும். அதை வைத்த இடம் தெரிந்தும் உங்களால் மறுபடி கண்டுபிடிக்க முடியாது.